குப்பைக்கு ரெண்டு அர்த்தம்

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் நின்று பழகியவர்களுக்குத் தெரியும். கேட் சாத்தினால் சாத்தினதுதான். கூட்ஸ் வண்டி வரும். நிற்கும். ஏதோ மறந்துவிட்ட மாதிரி பின்னால் போகும். மறுபடி வரும். அதற்குள் நாம் ஒரு டீ குடித்து, கிளாஸைக் கழுவிக்கூடக் கொடுத்துவிடலாம்.

அப்படி ஒருநாள் நின்றபோது மனசுக்குள் ஒரு மேப் போட்டுப் பார்த்தேன். நான் நிற்கிற இடத்துக்கு மேற்கே கொடுங்கையூர் குப்பைமேடு. காற்று அந்தப் பக்கமிருந்து அடித்தால் யாரும் வழி சொல்லவேண்டியதில்லை, மூக்கே சொல்லிவிடும். வடக்கே போனால் மணலி. அங்கே மெட்ராஸ் ஃபெர்டிலைசர்ஸ். விவசாயிக்கு உரம் செய்கிற தொழிற்சாலை.

கவனியுங்கள். ஒரு பக்கம் மண்ணுக்குப் போயிருக்கவேண்டிய சாப்பாடு மலையாகக் குவிந்து அழுகுகிறது. இன்னொரு பக்கம் மண்ணுக்குச் சாப்பாடு வேண்டும் என்று ராட்சச இயந்திரங்கள் ராப்பகலாக ஓடுகின்றன. இரண்டுக்கும் நடுவே ஒரு கொருக்குப்பேட்டை.

நான் பி.காம். படித்தவன். ஒரே முதலாளி ஒரே சரக்கைப் பின்வாசல் வழியாகத் தூக்கிப் போட்டுவிட்டு, முன்வாசல் வழியாகக் காசு கொடுத்து வாங்கினால், கணக்கு எழுதுகிறவனுக்கு என்ன தோன்றும்? எங்கோ பெரிய ஓட்டை இருக்கிறது என்று தோன்றுமா, இல்லையா? எனக்கும் அதுதான் தோன்றியது.

அந்த ஓட்டை எப்போது விழுந்தது என்பதுதான் இந்த வாரக் கதை.

*

கேட்டுக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு ஆயா இருக்கிறார். எழுபதைத் தாண்டியவர். கல்யாணமாகி வந்தவாசிப் பக்கத்திலிருந்து இங்கே வந்தவர். அவர் வீட்டு மொட்டைமாடியில் ரெண்டு பழைய பெயின்ட் பக்கெட். அடியிலும் பக்கவாட்டிலும் கம்பியைப் பழுக்கக் காய்ச்சிக் குத்திய ஓட்டைகள். உள்ளே காய்கறித் தோல், வாழைப்பழத் தோல், டீத்தூள், காய்ந்த வேப்பிலைச் சருகு. பக்கத்தில் வரிசையாகக் கொட்டாங்குச்சிகளும் வெட்டின பால் கவர்களும். ஒவ்வொன்றிலும் விரல் உயரத்துக்குத் தக்காளி நாற்று, கத்தரி நாற்று, மிளகாய் நாற்று.

"என்ன ஆயா, குப்பையிலேயே செடி வளர்க்கிறீங்களா?" என்று கேட்டுவைத்தேன்.

ஆயா என்னை ஒரு பார்வை பார்த்தார். "குப்பைலதான் நைனா வளரும். பின்ன சிமெண்ட்லயா வளரும்?"

வாயை மூடிக்கொண்டேன். நானும் ஆயாவும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னோம். ஆனால் சொன்ன பொருள் வேறு.

கிராமத்துப் பக்கம் போய்ப் பாருங்கள். "வயலுக்குக் குப்பை அடிச்சாச்சா?" என்று இன்றைக்கும் கேட்பார்கள். மாட்டுச் சாணம், வைக்கோல், சாம்பல், வீட்டுக் கழிவு எல்லாம் குழியில் கிடந்து மக்கி, வண்டியேறி வயலுக்குப் போகும் பாருங்கள், அதற்குப் பெயர் குப்பை. அது சொத்து. 'குப்பைமேடு எவ்வளவு பெரிசு' என்று பார்த்தே ஒரு வீட்டின் வசதியைக் கணக்குப் போட்டவர்கள் உண்டு. வள்ளுவர்கூட உழவு அதிகாரத்தில், உழுவதைவிட எரு போடுவது நல்லது என்கிறார்.

அதே வார்த்தை பட்டணத்துக்கு வந்ததும் அர்த்தம் தலைகீழ். குப்பை என்றால் அசிங்கம். கண்ணுக்கு மறைவாகத் தூக்கிப் போடவேண்டியது. சென்னைக்கு, அந்தக் கண்மறைவு இடம் வடசென்னை.

*

இப்போது கொஞ்சம் பின்னால் போவோம். நூறு வருஷத்துக்கும் மேல்.

1889-ல் ஒரு ஆங்கிலேய வேதியியல் நிபுணர் இந்தியாவுக்கு வந்தார். பெயர் ஜான் அகஸ்டஸ் வோல்க்கர். இந்திய விவசாயத்தை எப்படி முன்னேற்றலாம் என்று ஆராய்ந்து சொல்லும்படி அனுப்பியிருந்தார்கள். ஊர் ஊராகச் சுற்றினார் மனிதர். 1893-ல் அறிக்கை வெளிவந்தது. நம் விவசாயிக்கு ஒன்றும் தெரியாது என்று எழுதுவார் என எதிர்பார்த்தவர்களுக்கு ஏமாற்றம். தொழில் தெரிந்தவர்கள் என்றே எழுதினார். ஆனால் விறகில்லாத குறையால் சாணத்தை வறட்டி தட்டி எரித்துவிடுகிறார்கள், மண்ணுக்குப் போகவேண்டியது அடுப்புக்குப் போகிறது என்று எச்சரித்தார். கசிவு அப்போதே தொடங்கிவிட்டது.

1905-ல் இன்னொருவர் வந்தார். ஆல்பர்ட் ஹோவர்ட். பீகாரில் பூசா என்ற இடத்து ஆராய்ச்சிப் பண்ணையில் தாவரவியல் வேலை. இங்கிலாந்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். பூசாவில் ஒரு விஷயம் அவரை உறுத்தியது. சுற்றுவட்டார விவசாயிகள் ரசாயனம் எதையும் தொடவில்லை. ஆனாலும் அவர்கள் பயிர் பெரும்பாலும் நோயில்லாமல் நிற்கிறது. எப்படி?

வேறு ஆளாக இருந்தால் 'தற்செயல்' என்று எழுதி ஃபைலை மூடியிருப்பார். ஹோவர்ட் வயலில் போய் நின்றார். கற்றுக்கொடுக்க வந்தவர் கற்றுக்கொள்ள ஆரம்பித்தார். அந்த விவசாயிகளும் பயிரைத் தின்னும் பூச்சிகளும்தான் தன் பேராசிரியர்கள் என்று பிற்பாடு பகிரங்கமாகவே எழுதினார். அவருடைய மனைவி கேப்ரியலும் தாவரவியல் நிபுணர். இருவரும் சேர்ந்துதான் வேலை செய்தார்கள்.

1924-ல் இந்தூருக்குப் போனார். அங்கே யஷ்வந்த் வாட் என்ற இந்திய வேதியியலாளரின் துணையோடு, விவசாயி காலங்காலமாகச் செய்துவந்ததை ஒழுங்குபடுத்தி, அளந்து, நேரம் குறித்து ஒரு முறையாக்கினார். செடிகொடிக் கழிவு ஒரு அடுக்கு. மேலே சாணம். மாட்டு மூத்திரம் ஊறிய மண். கொஞ்சம் மரச்சாம்பல். மறுபடி கழிவு. காற்று போகவேண்டும், ஈரம் இருக்கவேண்டும். நடுவில் மூன்று முறை புரட்டிப் போடவேண்டும். மூன்று மாதத்தில் கறுப்புத் தங்கம் தயார். உலகம் அதை 'இந்தூர் முறை' என்கிறது. 1931-ல் இருவரும் சேர்ந்து புத்தகமே போட்டார்கள். இயற்கை விவசாயம் பேசுகிற வெள்ளைக்காரர்கள் இன்றைக்கும் ஹோவர்டைக் குலகுரு மாதிரி வைத்திருக்கிறார்கள். குருவுக்கு குரு யார் என்பதை மட்டும் வசதியாக மறந்துவிடுகிறார்கள். நாமும்தான்!

சரி, அது கிராமம். சாணம் இருந்தது, இடம் இருந்தது. நகரத்துக்கு என்ன வழி?

அதற்கும் ஒருவர் யோசித்தார். சி.என். ஆச்சார்யா. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் இருந்தவர். 1939 வாக்கில் 'பெங்களூர் முறை'யை உருவாக்கினார். ஊர்க் குப்பையையும் மனிதக் கழிவையும் குழியில் அடுக்கடுக்காகப் போட்டு, மேலே மண் பூசி மூடிவிடவேண்டும். புரட்டவேண்டாம். ஆறேழு மாதம் சும்மா விட்டால் எரு. நகராட்சிகள் இதை எடுத்துக்கொண்டன. உணவுப் பற்றாக்குறை கழுத்தைப் பிடித்த 1940-களில் நகர்க் குப்பையை எருவாக்கி விவசாயிக்கு விற்பது அரசாங்கத் திட்டமாகவே இருந்தது.

நகரம் கழிவை விற்றுக் காசு பார்ப்பது அதிசயமில்லை. 1908-ல் ஷாங்காய் நகரின் வெளிநாட்டினர் குடியிருப்பில் 78,000 டன் மனிதக் கழிவை அள்ளிக்கொண்டு போகும் உரிமைக்கு ஒரு சீன ஒப்பந்தக்காரர் 31,000 டாலருக்கு மேல் கட்டினார். எஃப்.எச். கிங் என்ற அமெரிக்க மண்ணியல் பேராசிரியர் இதைக் கேட்டு வாயடைத்துப்போய், 1911-ல் வந்த தன் புத்தகத்தில் எழுதிவைத்தார்.

இங்கே ஒன்று சொல்லிவிடவேண்டும். பழையதெல்லாம் பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. அந்தக் கழிவை அள்ளியது யார்? நம் ஊரில் அதற்கென்றே சில சாதிகளை ஒதுக்கி, அந்த வேலையை அவர்கள் தலையில் கட்டி, பிறகு அவர்களையே தொடக்கூடாது என்றோம். மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதைத் தடைசெய்ய நமக்கு 1993-ல் ஒரு சட்டம், அது போதாமல் 2013-ல் இன்னொரு சட்டம் தேவைப்பட்டது. எரு வயலுக்குப் போனது. அவமானம் ஒருசிலர் வீட்டுக்குப் போனது. எந்தப் பேரேட்டிலும் எழுதாமல் விட்ட செலவு அது.

*

இனி மணலிப் பக்கம்.

1840-ல் ஜெர்மானிய வேதியியலாளர் லீபிக், செடிக்குத் தேவையானது தாதுக்கள்தான் என்று புத்தகம் எழுதினார். 1909-ல் ஃபிரிட்ஸ் ஹேபர் காற்றிலிருக்கிற நைட்ரஜனைப் பிடித்து அமோனியாவாக்கிக் காட்டினார். 1913-ல் கார்ல் போஷ் அதைத் தொழிற்சாலை அளவுக்குக் கொண்டுபோனார். காற்றிலிருந்து உரம்! மந்திரம் மாதிரியான கண்டுபிடிப்பு. இன்று உலகில் கோடானுகோடிப் பேர் சாப்பிடுவது அந்த மந்திரத்தின் புண்ணியத்தில்தான். அதையும் மறைக்கக்கூடாது.

தமிழ்நாட்டுக்கு ரசாயன உரம் ஒன்றும் லேட்டாக வரவில்லை. 1906-லேயே ராணிப்பேட்டையில் பாரி கம்பெனி சூப்பர் பாஸ்பேட் செய்ய ஆரம்பித்தது. 1960-களில் எண்ணூரில் உரத் தொழிற்சாலை வந்தது. 1966-ல் மெட்ராஸ் ஃபெர்டிலைசர்ஸ் உருவாகி, 1971-ல் மணலியில் உற்பத்தி தொடங்கியது. பசுமைப் புரட்சி சூடுபிடித்த நேரம். 'விஜய்' மார்க் மூட்டைகள் லாரியேறின. நாப்தாவிலிருந்து உரம் செய்தார்கள். 2019-லிருந்து இயற்கை எரிவாயு.

விவசாயிக்கு ஏன் பிடித்தது? கணக்கு எளிது. ஒரு மூட்டை யூரியா 45 கிலோ. அதில் நைட்ரஜன் கிட்டத்தட்ட 20 கிலோ. நல்ல மக்கிய எருவில் நைட்ரஜன் நூற்றுக்கு ஒன்று, மிஞ்சினால் ஒன்றரை. ஒரு மூட்டை யூரியாவுக்கு ஈடு கட்ட ஒன்றரை முதல் ரெண்டு டன் எரு வேண்டும். வண்டி வைத்து, ஆள் வைத்து, அள்ளிக் கொட்டி... மூட்டை தோளில் வந்துவிடும். யார்தான் வேண்டாம் என்பார்கள்?

நகர்க் குப்பைக்கு இருந்த கிராக்கி இறங்கியது. அதே காலத்தில்தான் குப்பையின் குணமும் மாறியது. பிளாஸ்டிக் வந்தது. பேட்டரி வந்தது. குழல் விளக்கு, பெயின்ட் டப்பா, மருந்துப் பட்டை. எல்லாம் ஒரே தொட்டியில் காய்கறித் தோலோடு கட்டிப் புரண்டன.

1970-களின் பின்பாதியில் மத்திய அரசு பணம் கொடுத்துப் பெரிய நகரங்களில் இயந்திர எருக் கூடங்கள் அமைத்தது. கலந்த குப்பையை மெஷினில் போட்டு எரு எடுக்கிற யோசனை. வந்த எருவில் கண்ணாடித் துண்டு. பிளாஸ்டிக் கிழிசல். எந்த விவசாயி வெறுங்காலோடு அந்த வயலில் இறங்குவார்? பெரும்பாலான கூடங்கள் சில வருஷங்களில் படுத்துவிட்டன.

மிச்சமெல்லாம் கொடுங்கையூர்களுக்குப் போயிற்று.

நம் கொடுங்கையூர் குப்பைமேட்டின் பரப்பு சுமார் 340 ஏக்கர். நகரத்தின் வடபாதி நாற்பது வருஷமாக அங்கே கொட்டியது. குப்பையில் பாதிக்குப் பாதி மக்கக்கூடிய சமாச்சாரம்தான். ஆனால் மலையாகக் கொட்டினால் உள்ளே காற்று போகாது. காற்றில்லாமல் அழுகினால் மீத்தேன் வரும். அது தீப்பிடிக்கும். புகை எழில் நகருக்கும் கொருக்குப்பேட்டைக்கும் வரும். ஜன்னலை மூடிக்கொண்டு இருமிய குழந்தைகளைக் கேட்டால் மீதிக் கதை சொல்வார்கள்.

1996-ல் பெங்களூரைச் சேர்ந்த அல்மித்ரா படேல் என்ற பெண்மணி இந்திய நகரங்களின் குப்பைக்காக உச்ச நீதிமன்றப் படியேறினார். அதன் பலனாக 2000-ல் விதிகள் வந்தன. குப்பை எருவை உணவுப் பயிருக்குப் போடவேண்டுமானால் அதில் ஈயம் கிலோவுக்கு 100 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது, காட்மியம் 5-ஐத் தாண்டக்கூடாது என்றெல்லாம் கறாராக வரம்பு வைத்தார்கள். 2016-ல் விதிகளைத் திருத்தி எழுதி, வீட்டிலேயே தரம் பிரி என்றார்கள். சென்னையில் 1989-லேயே எம்.பி. நிர்மல் தொடங்கிய எக்ஸ்னோரா தெருத்தெருவாகச் சொன்ன விஷயம்தான்.

கேட்டோமா?

பில் வந்தது. கொடுங்கையூரில் கிடக்கிற 66 லட்சம் டன்னுக்கும் மேலான பழைய குப்பையைத் தோண்டிப் பிரித்து, 252 ஏக்கரை மீட்க மாநகராட்சி போட்ட திட்டத்தின் மதிப்பு சுமார் 640 கோடி ரூபாய். வகுத்துப் பார்த்தேன். டன்னுக்கு 960 ரூபாய் சொச்சம். கிலோவுக்குக் கிட்டத்தட்ட ஒரு ரூபாய். என்றைக்கோ ஒருநாள் நீங்களும் நானும் கவரில் முடிச்சுப் போட்டு எறிந்தோமே ஒரு கிலோ, அதற்கு இன்றைக்கு ஒரு ரூபாய் கூலி. அதுவும் பணமாக மட்டும். நுரையீரல் கணக்கு தனி. 2025-ல் அங்கே எரிஉலை வைக்கும் திட்டத்தை எதிர்த்து வடசென்னைக்காரர்கள் கைகோத்துத் தெருவில் நின்றது, அந்தத் தனிக் கணக்குக்காக.

*

மறுபடி மொட்டைமாடிக்கு வருவோம்.

ஆயாவின் பக்கெட் கொடுங்கையூர் மலையைக் கரைக்குமா? கரைக்காது. மணலியை மூடவைக்குமா? வைக்காது. நெல்லுக்கும் கரும்புக்கும் வேண்டிய நைட்ரஜனை பெயின்ட் பக்கெட் தராது. கணக்கைத்தான் மேலே பார்த்தோமே.

ஆனால் நாற்றுக்கு அந்தக் கணக்கே செல்லாது! விதை தன் முதல் சில நாள் சாப்பாட்டைத் தானே மூட்டை கட்டிக்கொண்டு வருகிறது. அதற்குத் தேவை வேறு. வேர் புகுந்துபோக பொலபொலப்பான இடம். காற்று. காய்ந்தும் போகாத, சொதசொதவென்றும் ஆகாத ஈரம். பிற்பாடு கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பாடு. மக்கிய எரு இத்தனையையும் ஒரே கையில் தரும். மூட்டை உரம் தராது.

"மொத தபா எல்லாம் பூடுச்சி நைனா" என்றார் ஆயா. "அவசரப்பட்டு அரைகொறையா மக்குனதுல வெதை போட்டேன். மொளைச்சி வந்துச்சி. நாலே நாளு. கழுத்து ஒடிஞ்சாப்ல அப்டியே சாஞ்சிடுச்சி."

ஹோவர்ட் மூன்று மாதம் என்று சொன்னதன் காரணம் இதுதான். முழுசாக மக்காத எரு உள்ளே இன்னும் வேலை செய்துகொண்டிருக்கிறது. சூடு இருக்கும், அமோனியா இருக்கும். சருகை மக்கவைக்கிற நுண்ணுயிர்கள் நாற்றின் பங்கு நைட்ரஜனையும் பிடுங்கிக்கொள்ளும். ஈரத்தில் பூஞ்சை ஏறினால் தண்டின் அடி அழுகி, நாற்று சாயும்.

இப்போது ஆயா உஷார். ஒரு பங்கு காய்கறிக் கழிவுக்கு ரெண்டு மூணு பங்கு சருகு. வாரம் ஒருதரம் கிளறல். ஒரு பக்கெட் நிறைந்தால் மூடி ஓரம் கட்டிவிட்டு அடுத்ததை ஆரம்பிப்பார். நாற்றமடித்தால் ஈரம் கூடிவிட்டது, சருகு போடு. மக்கவே இல்லையா, காய்ந்துவிட்டது, தண்ணி தெளி. மழைக்கால மண்வாசனை வந்து, தொட்டால் குளிர்ந்து, போட்டது எது என்றே தெரியாமல் போனால் ரெடி. அப்புறமும் ஒரு பரீட்சை. ஒரு பிடியில் நாலு வெந்தயம் போட்டுப் பார்ப்பார். அது ஒழுங்காக முளைத்தால்தான் மற்ற விதைக்கு அனுமதி.

தனி எருவிலும் போடமாட்டார். உப்பு கூடுதல், பிஞ்சு வேர் தாங்காது. சலித்த எரு ஒரு பங்கு, செம்மண் ஒரு பங்கு, மணலோ தென்னைநார்த் தூளோ ஒரு பங்கு. தக்காளியும் கத்தரியும் இருபத்தைந்து, முப்பது நாளில் பிடுங்கி நடலாம். மிளகாய்க்கு இன்னும் பத்து நாள் பொறுக்கவேண்டும்.

குப்பைமேட்டு ஓரத்து மண்ணை எடுத்து வருவதில்லையா என்று கேட்டேன். கறுப்பாகத்தான் இருக்கிறது, இலவசம் வேறு.

"அதுல இன்னா இன்னா கலந்துக்கீதோ. புள்ளைங்க துன்ற காயி நைனா இது."

காட்மியம் 5 மில்லிகிராம் என்று சட்டம் எழுதியதை ஆயா படித்ததில்லை. விஷயம் புரிந்திருக்கிறது. அந்த மலையும் இந்த பக்கெட்டும் ஒரே வாழைப்பழத் தோலில்தான் ஆரம்பித்தன. அங்கே தோல் பேட்டரியோடு போனது. இங்கே சருகோடு போனது. அது விஷமாயிற்று, இது நாற்றாயிற்று.

நான் தேடிய ஓட்டை மணலியிலும் இல்லை, கொடுங்கையூரிலும் இல்லை. நம் வீட்டுச் சமையலறையில், எல்லாவற்றையும் ஒரே கவரில் போட்டு முடிச்சுப் போடுகிற அந்த அரை நிமிஷத்தில் இருக்கிறது. அது வரைக்கும் அது ஆயா ஊர்க் குப்பை. முடிச்சு விழுந்தபிறகு நம்ம ஊர்க் குப்பை.

கிளம்பும்போது ஆயா ஒரு கொட்டாங்குச்சியை நீட்டினார். ரெண்டு கத்தரி நாற்று. "வெயில்ல உடனே வைக்காதே. ரெண்டு நாளு நெழல்ல வெச்சிட்டு அப்புறம் வை."

கீழே வந்தால் கேட் மறுபடி சாத்தியிருந்தது. கூட்ஸ் வண்டி நின்று யோசித்துக்கொண்டிருந்தது. கொட்டாங்குச்சியைச் சட்டை நிழலில் பிடித்துக்கொண்டு நானும் நின்றேன்.